கண்ணை மட்டும் மறைத்த படம்

எம்.பி.பி.எஸ். முதல் வருடத்திலேயே எங்கள் கல்லூரியில் ஆளுக்கு ஐந்து குடும்பங்களை ஒப்படைத்துவிடுவார்கள். படிப்பு முடிகிறவரை அந்த வீடுகளின் உடல்நலத்தைக் கவனித்துக்கொள்வது அந்த மாணவரின் பொறுப்பு. மாதம் ஒரு நாள் கல்லூரி பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போய் ஊர்முனையில் இறக்கிவிடுவார்கள். ரத்த அழுத்தம், சர்க்கரை பார்த்து, தடுப்பூசி விவரம் கேட்டு நோட்டில் எழுதிக்கொண்டு திரும்ப வேண்டும். எனக்கு வந்த ஐந்து வீடுகளும் திருச்செங்கோட்டைத் தாண்டி, விசைத்தறி ஓடுகிற ஓர் ஊரில் இருந்தன. அவற்றில் மூன்றாவது வீட்டைப் பற்றித்தான் எழுதப்போகிறேன்.

நான் அயோத்தியாப்பட்டணத்துக்காரி. அப்பாவுக்கு பஸ் டிப்போவில் வேலை. தறி என்பதை அதுவரை கிட்டத்தில் பார்த்ததில்லை. முதல் நாள் அந்த ஊரில் இறங்கியபோது, எங்கோ தகரக் கூரையில் பெரிய மழை பெய்கிறது என்று நினைத்து வானத்தைப் பார்த்தேன். நல்ல வெயில். ஒவ்வொரு வீட்டுக்கும் பின்னால் ஒரு பட்டறை, பட்டறைக்குள் எட்டோ பத்தோ தறிகள். நாங்கள் ஒருவரையொருவர் கத்திக் கூப்பிட்டுக்கொண்டோம். ஊர்க்காரர்கள் கத்தவில்லை. விரலையும் உதட்டையும் அசைத்தே அந்தச் சத்தத்துக்குள் விவரமாகப் பேசிக்கொண்டார்கள். எனக்கு அது வேடிக்கையாக இருந்தது.

மூன்றாவது வீட்டில் ஓர் அக்கா இருந்தார். நாற்பதை ஒட்டிய வயது. அவருடைய கணவர் போர்வெல் வண்டியில் வடநாட்டுப் பக்கம் போனால் மழைக்காலத்துக்குத்தான் ஊர் திரும்புவார். ஒரே மகள், அப்போது பி.காம். சேர்ந்திருந்தாள். அக்கா தெருக்கோடியிலிருந்த ஒரு பட்டறையில் தறி ஓட்டினார். இடது கன்னத்தில் பிறை மாதிரி ஒரு தழும்பு. ஒரு தரம் நாடா தெறித்து வந்து பட்டது என்று சொன்னார். நாடா என்பது குறுக்கே போகிற ஊடை நூலைத் தூக்கிக்கொண்டு, நீளவாக்கில் இழுத்துக் கட்டிய பாவு நூலுக்குள் இப்படியும் அப்படியும் ஓடுகிற கட்டை. இரண்டு முனையிலும் இரும்பு வைத்திருக்கும். கொஞ்சம் மேலே பட்டிருந்தால் கண் போயிருக்கும் என்று அவர் சொன்னபோது, யாருக்கோ நடந்ததைச் சொல்வது போல இருந்தது.

அந்த வீட்டில் எனக்கு ஆரம்பத்திலிருந்தே தனி மரியாதை. மற்ற வீடுகளில் நோட்டை மூடியதும் கிளம்பிவிடுவேன். அங்கே மட்டும் உட்காருவேன். அக்கா கடலை வறுத்துத் தருவார், என் வீட்டைப் பற்றிக் கேட்பார். நான் பேசும்போது என் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். நம் பேச்சை இவ்வளவு அக்கறையாகக் கேட்கிறவர் யார் என்று எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

இரண்டாம் வருடம் ஒரு தடவை எனக்குச் சளி பிடித்திருந்ததால் முகக்கவசம் போட்டுக்கொண்டு போனேன். அன்று அக்காவோடு பேச்சு ஓடவே இல்லை. மாத்திரை தீர்ந்துவிட்டதா என்று கேட்டால், மகள் நாலு மணிக்கு வந்துவிடுவாள் என்றார். கால் வீக்கம் எப்படி என்றால் ஆமாங்க என்று தலையாட்டினார். மூன்றாவது கேள்விக்கு என் கவசத்தையே பார்த்தார். பிறகு மெதுவாக, "அந்தத் துணியக் கழட்டிட்டுப் பேசுங்க சாமி, உங்களுக்கும் மூச்சு முட்டுமில்ல" என்றார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. கவசத்தைக் கழற்றாமல், அவர் திரும்பி அடுப்பைப் பார்த்த நேரத்தில் பின்னாலிருந்து கூப்பிட்டேன். திரும்பவில்லை. இன்னொரு முறை, கொஞ்சம் சத்தமாக. திரும்பவில்லை. அப்படிச் சோதித்தது சரியா என்று அன்று எனக்குத் தோன்றவில்லை. கண்டுபிடித்துவிட்ட சந்தோஷம்தான் இருந்தது.

கேட்டபோது முதலில் இல்லை என்றார். பிறகு சமையலறைக் கதவைச் சாத்திவிட்டுச் சொன்னார். பன்னிரண்டு பதின்மூன்று வருடமாகவே குறைந்துகொண்டு வருகிறதாம். இப்போது ஆள் முகத்தைப் பார்த்தால்தான் பேச்சு புரியும். உதட்டை வைத்துப் பேசுவது பட்டறையில் எல்லோருக்கும் பழக்கம் என்பதால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. கொரோனா காலத்தில் ஊரே முகத்தை மூடிக்கொண்டபோதுதான் நடுங்கிப்போனாராம். எதிரே வருகிறவர் என்ன கேட்கிறார் என்று தெரியாமல் தெருவில் இறங்கவே பயந்தாராம். எல்லோரிடமும் ஒரே வார்த்தை பழகி வைத்திருந்தார்: மூச்சு முட்டும், கழட்டிட்டுப் பேசுங்க.

தறியில் நூல் அறுந்தால் எப்படித் தெரியும் என்று கேட்டேன். காலில் தெரியும் என்றார். தரை அதிர்கிற விதம் மாறுமாம். செருப்பில்லாமல் நின்றால் நாலு தறிக்கு அப்பால் நிற்பதுகூடத் தெரியுமாம்.

கணவருக்குக்கூடச் சொல்லவில்லை; அவர் போன் செய்தால் மகளையே பேசவிட்டுவிடுவாராம். கணவரின் அத்தை ஒருவரைக் குடும்பத்தில் எல்லோரும் செவிடி என்றே கூப்பிடுவார்கள், அந்தம்மாவுக்குச் சொந்தப் பெயரே மறந்து போயிற்று என்றார். முதலாளிக்குத் தெரிந்தால் தறியிலிருந்து எடுத்துவிடுவார். மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கிற நேரம் வேறு நெருங்குகிறது. கடைசியாக என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்.

"உங்ககிட்டச் சொல்லிப்போட்டேன். வெளிய போயிரக் கூடாதுங்க சாமி."

"போகாதுங்க அக்கா" என்றேன். அப்போது மனதார‍த்தான் சொன்னேன்.

அடுத்த வாரமே சமூக மருத்துவத் துறையில் எங்கள் மேடத்திடம் போய் நின்றேன். அக்காவைப் பற்றிச் சொல்லவில்லை. தறி ஓட்டுகிறவர்களின் கேட்கும் திறனைப் பரிசோதித்து ஓர் ஆய்வு செய்யலாமா என்று மட்டும் கேட்டேன். அவருக்குப் பிடித்திருந்தது. ஆனால் ஒரு சிக்கல் சொன்னார். காதைப் பரிசோதிக்கச் சத்தமே நுழையாத அறை வேண்டும், அது ஆஸ்பத்திரியில்தான் இருக்கிறது, ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு யார் அங்கே வருவார்கள்? அந்தக் கேள்வி என்னை விடவில்லை. கட்டட வேலைக்காரர்கள் சத்தத்துக்காக மாட்டுகிற கனமான காதுமூடியை வாங்கி, உள்ளே ஸ்பாஞ்சைக் கூட்டி, நடுவில் இயர்போனைப் பொருத்தினேன். போனிலிருந்து சன்னமான ஒலிகள் ஒவ்வொன்றாக வரும். கேட்டால் விரலைத் தூக்க வேண்டும். காது மூக்கு தொண்டைத் துறையில் இருந்த செவித்திறன் பரிசோதகர் ஒருவர் பொறுமையாக உட்கார்ந்து, தன் பெரிய மெஷினோடு ஒப்பிட்டுச் சரிபார்த்துக் கொடுத்தார். நாலைந்து தடவை பிரித்துக் கட்டிய பிறகு, ஓரளவு நம்பலாம் என்ற நிலைக்கு வந்தது. ஊரில் பெண்கள் அதை மாட்டிக்கொண்டு ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். ஆனைக்காது என்று பெயர் வைத்தார்கள்.

ஆனால் சிரித்தவர்கள் பரிசோதனைக்கு உட்காரவில்லை. குறை இருக்கிறது என்று எழுதிவிட்டால் என்ன ஆகும் என்ற பயம் எல்லோருக்கும் இருந்தது. இரண்டு ஞாயிற்றுக்கிழமை சமுதாயக் கூடத்தில் நாற்காலி போட்டுக் காத்திருந்து திரும்பினோம். மூன்றாவது வாரம் நான் அக்காவிடம் போனேன். நீங்கள் வந்தால் மற்றவர்களும் வருவார்கள் என்றேன். அவர் வேண்டாம் என்று தலையாட்டினார். பெயர் எங்கேயும் வராது, எண் மட்டும்தான் என்றேன். மறுபடி தலையாட்டினார். கடைசியில், உங்களுக்கு ஒரு காது மெஷின் வாங்கித் தருகிறேன், எங்கள் ஆஸ்பத்திரியில் இலவசமாகக் கிடைக்கும், முடிக்குள்ளே மறைந்துவிடும், யாருக்கும் தெரியாது என்று சொன்னேன். மகள் போனில் பேசுவது கேட்குமா என்று கேட்டார். கேட்கும் என்றேன். வந்தார்.

அவர் வந்த பிறகு கூட்டம் தானாகச் சேர்ந்தது. அக்கா வாசலில் நின்று ஒவ்வொருத்தியையும் கையைப் பிடித்து உள்ளே அனுப்பினார். அவர் இல்லாவிட்டால் அந்த ஆய்வே இல்லை. பரிசோதித்தவர்களில் நான் எதிர்பார்த்ததைவிட அதிகம் பேருக்குக் கேட்கும் திறன் குறைந்திருந்தது. இளம் வயதுக்காரர்கள்கூட இருந்தார்கள். அக்காவின் காதுக்கான வரைபடம்தான் எல்லாவற்றிலும் மோசம். தாளில் அந்தக் கோடு பாதியிலேயே கீழே விழுந்து கிடந்தது.

அன்று என் வகுப்புத் தோழி போட்டோ எடுத்துக்கொண்டிருந்தாள். அக்கா ஆனைக்காதை மாட்டிக்கொண்டு, கண்ணை மூடி, ஒற்றை விரலைத் தூக்கியபடி உட்கார்ந்திருக்கிற ஒரு படம் நன்றாக வந்தது. ஒப்புதல் படிவத்தில் படத்தை உபயோகிப்பதற்கு ஒரு வரி இருந்தது. கண்ணை மறைத்துவிடுவோம், கல்லூரிக்குள்ளேதான் காட்டுவோம் என்று சொன்னேன். எட்டாவது வரை படித்தவர் அவர். படிவத்தை வாங்கி முதல் இரண்டு வரியைப் படித்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். கையெழுத்துப் போட்டார்.

அதற்குப் பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. கல்லூரியில் மாணவர் சமூகநலக் குழுவுக்கு என்னைத் தலைவியாகப் போட்டார்கள். பட்டறைகளுக்குக் காதடைப்பான் கொடுக்கிற முகாம்களை நான்தான் ஏற்பாடு செய்தேன். வேறு ஊரில் நடந்த மருத்துவ மாணவர் மாநாட்டுக்கு எங்கள் ஆய்வு தேர்வானது. காது மெஷினுக்கு அக்காவை ஒரு வேலைநாளில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டி வர வேண்டும். தேதி சொல்கிறேன் என்று சொல்லிச் சொல்லி இரண்டு மாதம் தள்ளிவிட்டேன். பரீட்சை, பிறகு மாநாட்டுக்கான தயாரிப்பு. அக்கா ஒரு முறைகூட நினைவுபடுத்தவில்லை. போகும்போதெல்லாம் கடலை வறுத்துக் கொடுத்தார்.

மாநாட்டுக்கு முந்தைய வாரம் மேடம் முன்னால் பேசிக் காட்டினேன். எல்லாம் சரியாக இருக்கிறது, ஆனால் எண்களைக் கேட்டு யாரும் நிமிர்ந்து உட்கார மாட்டார்கள், ஒரு மனுஷியைப் பற்றிச் சொல் என்றார். அவர் சொன்னதில் தவறில்லை. எந்த மனுஷி, எதைச் சொல்வது என்பதை நான்தான் தேர்ந்தெடுத்தேன்.

மேடையில் அக்காவின் படத்தைப் போட்டேன். கண் மேல் கறுப்புப் பட்டை. பெயர் சொல்லவில்லை, ஊர் சொல்லவில்லை. முகக்கவசக் கதையைச் சொன்னேன். மூச்சு முட்டும், கழட்டிட்டுப் பேசுங்க என்பதை அவர் சொன்ன மாதிரியே, அந்தப் பக்கத்துப் பேச்சிலேயே சொன்னேன். குடும்பத்துக்கே தெரியாமல் இத்தனை வருடம் மறைத்து வைத்திருக்கிறார் என்று சொன்னேன். முன்வரிசையில் ஒரு பேராசிரியை கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்கு முதல் பரிசு கிடைத்தது.

கல்லூரியில் அந்தப் பேச்சை வீடியோவாக இணையத்தில் போட்டார்கள். செய்தித்தாளில் ஒரு பத்தி வந்தது. அம்மா அதை வெட்டிச் சட்டம் போட்டு வைத்தாள். வீடியோ எப்படியோ அக்காவின் முதலாளிக்குப் போயிருக்கிறது. அவர் நல்ல மனிதர். எங்கள் முகாம்களுக்கு மைக் செட்டும் மோரும் ஏற்பாடு செய்தவர். நம்ம ஊர் தறியைப் பற்றி எவ்வளவு பெரிய இடத்தில் பேசியிருக்கிறார்கள் பாருங்கள் என்று ஊர் வாட்ஸ்அப் குழுவில் அனுப்பிவிட்டார். அனுப்பிய பிறகுதான் படத்தை நன்றாகப் பார்த்தாராம்.

கண்ணை மறைத்திருந்தேன். கன்னத்தை மறைக்கவில்லை. பிறை மாதிரி அந்தத் தழும்பு, ஊரில் வேறு யாருக்கு இருக்கிறது?

எனக்கு இது எதுவும் தெரியாது. அடுத்த மாத விஜயத்தின்போது பரிசுக் கேடயத்தைப் பையில் வைத்துக்கொண்டு, ஒரு டப்பா இனிப்போடு அந்த வீட்டுக்குப் போனேன். மகள்தான் கதவைத் திறந்தாள். எப்போதும் உள்ளே வாங்க அக்கா என்பவள் நிலைப்படியிலேயே நின்றாள். அம்மா இல்லையா என்று கேட்டேன். தார் சுற்றப் போயிருக்கிறார் என்றாள். ஊடை நூலைச் சின்னக் குழல்களில் சுற்றுகிற வேலை அது; உட்கார்ந்தபடி செய்வது; வயதானவர்களுக்குக் கொடுப்பார்கள்; கூலி குறைவு. ஏன் என்று கேட்டேன். அப்போது சொன்னாள்.

முதலாளி கூப்பிட்டு, தெரியாதவரை சரி, தெரிந்த பிறகு உங்களைத் தறியில் நிறுத்தி ஏதாவது ஆகிவிட்டால் நான் பதில் சொல்ல வேண்டும் என்று சொல்லியிருக்கிறார். அவர் சொன்னதும் நியாயம்தான். தறியின் அருகில் கேட்காதவர் நிற்பதில் ஆபத்து உண்டு என்று என் ஆய்வறிக்கையிலேயே எழுதியிருந்தேன்.

அது மட்டுமில்லை. ராசிபுரம் பக்கத்திலிருந்து மகளுக்கு ஒரு சம்பந்தம் வந்திருந்தது. பெண் பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள். பையனோடு இரண்டு மூன்று தடவை போனில் பேசியிருந்தாள். நிச்சயம் பண்ணுகிற உறுதி வார்த்தைக்கு நாள் குறித்திருந்த நேரத்தில் அவர்களுக்கும் அந்த வீடியோ போயிருக்கிறது. ஜாதகத்தில் ஏதோ இடிக்கிறது என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். ஏற்கெனவே பார்த்துப் பொருந்திய ஜாதகம். தரகர்தான் உள்ளதைச் சொன்னாராம்: ரத்தத்தில் இருக்குமோ, பிறக்கிற பிள்ளைக்கும் வருமோ என்று பையனின் அம்மா பயப்படுகிறார்.

அவள் அழவில்லை. குரலையும் உயர்த்தவில்லை.

"அப்பாவுக்கும் வீடியோவப் பாத்துத்தானுங்க தெரியும். அங்கிருந்து போன் பண்ணி, ஏன் எங்கிட்டச் சொல்லலேன்னு கேட்டாரு. அவரு கேட்டது அம்மாவுக்குக் கேக்கல. நான்தான் அம்மாவுக்கு எடுத்துச் சொன்னேன்."

நான் இனிப்பு டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். பெயரே சொல்லவில்லையே, கண்ணை மறைத்துத்தானே போட்டேன் என்று ஏதோ சொன்னேன். அவள் என்னைப் பார்த்த பார்வையில் நிறுத்திக்கொண்டேன்.

கேடயம் பைக்குள்ளேயே இருந்தது.

அன்று மாலையே மேடத்திடம் சொன்னேன். அவர் உடனே பேசி வீடியோவை எடுக்கச் சொன்னார். எடுத்தார்கள். ஆனால் போன் போனாகப் போய்விட்டதை யார் எடுப்பது? ஒப்புதல் படிவத்தைக் கொண்டுவரச் சொல்லி, கையெழுத்தைப் பார்த்தார். அக்கா என்னிடம் என்ன கேட்டிருந்தார், நான் அவருக்கு என்ன வாக்குக் கொடுத்திருந்தேன் என்பதை அப்போதுதான் முதல் முறையாக அவரிடம் சொன்னேன். மேடம் படிவத்தை மடித்து என் பக்கம் தள்ளினார்.

"தாள்ல உன் மேல தப்பு இல்ல" என்றார். "அத வச்சு நிம்மதியா இருக்க முடியுதான்னு பாரு."

நிம்மதியாக இருக்க முடியவில்லை. அதனால் அடுத்த தவறைச் செய்தேன். கிராம செவிலியரிடம் விசாரித்து, ராசிபுரம் பக்கத்தில் அந்தப் பையன் வீடு எதுவென்று தெரிந்துகொண்டேன். ஒரு சனிக்கிழமை, அக்கா வீட்டில் யாரிடமும் கேட்காமல், யாரிடமும் சொல்லாமல் பஸ் ஏறினேன். பையில் வெள்ளைக் கோட்டும், ஆய்வின் தாள்களும். இது சத்தத்தால் வருவது, பரம்பரையாக வருவதில்லை என்று டாக்டருக்குப் படிக்கிற ஒருத்தி நேரில் போய்ச் சொன்னால் புரிந்துகொள்வார்கள் என்று நம்பினேன்.

அவர்கள் வீட்டுக்குப் பக்கத்திலேயே கோழிப்பண்ணை. பையன் இல்லை. அவனுடைய அம்மா நன்றாகத்தான் வரவேற்றார். டீ கொடுத்தார். நான் கோடு கோடாகப் போட்டிருந்த தாளைக் காட்டி விளக்கினேன். முழுதாகக் கேட்டுக்கொண்டார். அப்படியானால் ரத்தத்தில் வருவது இல்லை என்றார். இல்லவே இல்லை என்றேன். எனக்குள் கொஞ்சம் நம்பிக்கை வந்தது. அவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, சாதாரணமாகத்தான் கேட்டார்.

"தறிச் சத்தத்துனால வாரதுன்னு சொல்றீங்க. அந்தப் புள்ளையும் பள்ளிக்கூட லீவுலயெல்லாம் அம்மாகூடத் தறிக்குப் போயிருக்குதுன்னு சொன்னாங்களே. அப்ப அதுக்கும் வருமுங்களா?"

மகள் தறிக்குப் போயிருக்கிறாள் என்பது எனக்குத் தெரியாது. மூன்று வருடமாக அந்த வீட்டு நோட்டு என்னிடம் இருந்தது. தொழில் என்ற இடத்தில் மாணவி என்று எழுதியிருந்தேன். வராது என்று சொல்லியிருக்கலாம். பொய்யாக இருந்தாலும் சொல்லியிருக்கலாம். எத்தனை வருடம், எத்தனை மணி நேரம் என்பதைப் பொறுத்தது, பரிசோதித்துப் பார்த்தால்தான் சொல்ல முடியும் என்றேன். அந்த அம்மா தலையாட்டினார். வாசல்வரை வந்து வழியனுப்பினார்.

இரண்டு நாள் கழித்து மகள் போன் செய்தாள். அவளிடம் என் நம்பர் இருந்தது. அதுவரை ஒரு முறையும் அவளாக அழைத்ததில்லை. தரகர் மூலம் விஷயம் வந்திருக்கிறது. பெண்ணுக்கும் காது சந்தேகம்தானாம், டாக்டரே வந்து சொல்லிவிட்டுப் போனாராம் என்று.

"உங்கள யாருங்க அங்க போகச் சொன்னது?" என்றாள்.

 மன்னித்துக்கொள் என்று ஆரம்பித்தேன். அவள் இணைப்பைத் துண்டிக்கவில்லை. நான் முடிக்கும்வரை கேட்டாள். பிறகு, இனிமேல் எங்களுக்காக எதுவும் செய்யாதீங்க அக்கா என்று சொல்லிவிட்டு வைத்தாள்.

அக்காவை நேரில் பார்க்க எனக்கு இன்னும் மூன்று வாரம் ஆனது. தார் சுற்றுகிற கொட்டகையில் உட்கார்ந்திருந்தார். என்னைக் கண்டதும் எழுந்து வெளியே வந்தார். திட்டினால் நன்றாக இருக்கும் என்று மனதுக்குள் வேண்டிக்கொண்டே போனேன். அவர் வழக்கம் போல என் முகத்தைப் பார்த்தார். நான் பேச வாயெடுத்தேன், வரவில்லை. அவர் காத்திருந்தார். என் உதடு அசையாதவரை அவருக்கு ஒன்றும் போய்ச் சேராது என்பது தெரிந்தும் என்னால் பேச முடியவில்லை.

"சாப்பிட்டீங்களா சாமி" என்று கேட்டார்.

தலையாட்டினேன். பிறகு அவரே சொன்னார். சம்பந்தம் போனால் இன்னொன்று வரும் என்றார். கூலி குறைந்ததைக்கூடப் பெரிதாகச் சொல்லவில்லை. தறியில் நிற்கும்போது கால் வலிக்குமே, இங்கே உட்கார்ந்த வேலை என்றார். ஆனால் பட்டறைப் பெண்கள் இப்போதெல்லாம் தன்னிடம் பேசும்போது வாயை அகலமாகத் திறந்து, சின்னப் பிள்ளைக்குச் சொல்வது போல ஒவ்வொரு வார்த்தையாகச் சொல்கிறார்கள் என்றார். அதைச் சொல்லும்போதுதான் முகம் மாறியது. "முன்னாடி எல்லாரும் எங்கூடச் சும்மா பேசீட்டிருந்தாங்க" என்றார்.  உள்ளே போய் நூல் சுற்றுகிற ராட்டையின் முன் உட்கார்ந்துகொண்டார்.

காது மெஷினுக்காக நான் நிரப்பி வைத்திருந்த விண்ணப்பம் அப்போதும் என் மேசையில் இருந்தது. அதைக் கொண்டுபோய்க் கொடுக்க எனக்கு முகமில்லை. கிராம செவிலியர் மூலம் கொடுத்தனுப்பினேன். அவர்கள் அதை உபயோகிக்கவில்லை. மகளே வேறொரு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போய் வாங்கிக் கொடுத்தாள் என்று பிற்பாடு தெரிந்தது. மாநாட்டுக்கு முன்னால் அந்த இரண்டு மாதத்தில் நான் ஒரு நாளை ஒதுக்கியிருந்தால், குறைந்தபட்சம் எல்லாம் வெளியே தெரிந்த அன்று கணவர் போனில் கேட்டது அவருக்கே கேட்டிருக்கும். இதை நினைக்காத வாரம் இல்லை.

மற்றதையும் சொல்லிவிட வேண்டும். ஆனைக்காது இன்று பல பட்டறைகளுக்குப் போகிறது. கிராம செவிலியர்களே பரிசோதிக்கிறார்கள். முன்பு மறைத்தவர்கள் இப்போது வெளிப்படையாக வந்து உட்காருகிறார்கள். அந்த அக்காவுக்கே இருந்ததாமே என்று சொல்லிக்கொண்டு வருகிறார்கள். இளம்பெண்கள் சிலர் காதடைப்பான் போட்டுக்கொண்டு தறி ஓட்டுவதை நானே பார்த்தேன். இதைச் சொல்லி என்னைத் தேற்றுகிறவர்கள் உண்டு. நன்மை நடந்திருக்கிறது என்பது உண்மை. அதற்காக அக்காவின் ரகசியத்தை அவரைக் கேட்காமல் நான் எடுத்துக் கொடுத்தேன் என்பதும் உண்மை. ஒன்றைக் காட்டி இன்னொன்றை அழிக்க முடியவில்லை. எங்கள் துறையில் படிவத்தை மேடம் மாற்றிவிட்டார். படத்தையும் கதையையும் வெளியே காட்டுவதற்கு முன்னால் சம்பந்தப்பட்டவரிடம் அதைக் காட்டி, மறுபடி கேட்க வேண்டும் என்று இப்போது ஒரு வரி இருக்கிறது.

மகளுக்கு ஒன்றரை வருடம் கழித்துக் கல்யாணம் ஆனது. குமாரபாளையத்தில் ஒரு துணி ஏற்றுமதி ஆபீஸில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். கூட வேலை பார்த்தவர்தான் மாப்பிள்ளை. எனக்குப் பத்திரிகை வரவில்லை. செவிலியர் போனில் இரண்டு படம் காட்டினார். அக்கா பட்டுப்புடவையில் மகளுக்குப் பக்கத்தில் நின்றார்.

போன மாதம் என்னுடைய ஐந்து குடும்பங்களையும் புதிதாகச் சேர்ந்த ஒரு மாணவியிடம் ஒப்படைக்க வேண்டியிருந்தது. துறுதுறுப்பான பெண். முதல் இரண்டு வீடுகளை முடித்துவிட்டு மூன்றாவது வீட்டு வாசலில் தயங்கினேன். அந்தப் பெண் எனக்கு முன்னால் போய், யாருங்க வீட்டுல என்று கூப்பிட்டாள். நல்ல வேளையாக அக்கா வாசலைப் பார்த்தபடிதான் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். வாங்க என்றார். இருவருக்கும் மோர் கொடுத்தார். மெஷின் காதில் இல்லை. மகள் போன் செய்கிற நேரத்துக்குத்தான் மாட்டுவாராம், மற்ற நேரத்தில் தலைக்குள் இரைகிறதாம்; செவிலியர் முன்பே சொல்லியிருந்தார். அந்தப் பெண் கேட்ட எல்லாவற்றுக்கும் அவள் முகத்தைப் பார்த்துச் சிரித்துச் சிரித்துப் பதில் சொன்னார். என்னிடம் பரீட்சையெல்லாம் முடிந்ததா, எந்த ஊரில் வேலை என்று கேட்டார். சொன்னேன். நல்லா இருங்க சாமி என்றார். மனதிலிருந்து சொன்னாரா, வந்தவளுக்குச் சொல்கிற வார்த்தையா என்று என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை.

நோட்டில் அந்த வீட்டுக்கான பக்கத்தைப் புதிய பெண்ணிடம் காட்டினேன்; காது பற்றிய இடத்தில் நான் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. அவளும் கேட்கவில்லை. பஸ்ஸில் திரும்பும்போது, அந்த அம்மா எவ்வளவு அக்கறையாகக் கேட்கிறார்கள் இல்லையா அக்கா, என்னை அவர்களுக்குப் பிடித்துவிட்டது என்றாள். பிறகு, அந்த வீட்டில் நான் விசேஷமாகக் கவனிக்க வேண்டியது ஏதாவது இருக்கிறதா என்று கேட்டாள்.

"அவங்களா ஏதாவது சொன்னா கேட்டுக்கோ" என்றேன். "அது அவங்களோடது. அங்கேயே விட்டுட்டு வா."

அவளுக்குப் புரிந்ததா தெரியவில்லை. சரிங்க அக்கா என்று சொல்லிவிட்டு நோட்டில் நாலாவது வீட்டுக்கான பக்கத்தைத் திருப்பினாள்.